மாதா வைக்காத கெபி

கும்மிடிப்பூண்டி,
10 ஜூன் 2024

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து மாதம் ஒரு கடிதம்தான் கன்னியர் மடத்துக்குள் வரலாம் என்று உங்கள் மதர் சொல்லி அனுப்பினார். இந்த மாதக் கடிதம் அம்மாவுடையது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நீயே எழுதுடி. எல்லாரும் நல்லா கீறோம்னு போடு, ஒடம்ப பாத்துக்கச் சொல்லு, அவ்ளோதான்" என்று எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன். மீதிப் பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று என்னைப் பற்றி எழுதுகிறேன். மதர் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்பதால் அவருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. வேலை என்று சொல்ல முடியாது. சிப்காட்டில், பாட்டில் மூடி செய்த கம்பெனி மூடிக் கிடந்ததே, அந்த ஏழாம் ஷெட்டைச் சென்னைக்காரர்கள் எடுத்துக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். இந்தக் காலத்துக் கலைஞர்கள் செய்யும் பொருள்களை வைக்கிறார்கள். அங்கே நான் வாலண்டியர். மதியச் சாப்பாடும் பஸ் காசும் தருவார்கள், சம்பளம் கிடையாது. கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். அப்பா அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சம்பளம் இல்லாத ஆளுக்கு எதுக்குமா ஐடி கார்டு? காணாம பூட்டா கண்டுபுடிக்கவா?"

பொறுப்பாளர் அஸ்வினி மேடம் என்னைத் தேர்ந்தெடுக்கும்போது, கலை ஏன் பிடிக்கும் என்று கேட்டார். பிடிக்குமா என்று இன்னும் தெரியாது, பார்த்தால்தான் தெரியும் என்றேன். சொன்ன பிறகு காது சுட்டது. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இங்கே நிற்கப் போகிறாயா என்று நீ கேட்கலாம். எதிர்வீட்டுப் பெண்களும் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது என்னை அப்படித்தான் பார்க்கிறார்கள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஜெபா


திருச்சி,
14 ஜூலை 2024

அன்புத் தங்கை ஜெபாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இரும்பு மில்லில் அப்பாவை இன்னும் ஃபர்னஸ் பக்கமே நிறுத்துகிறார்களா?

சம்பளம் இல்லாவிட்டால் என்ன, அதுவும் ஒரு சேவைதான். சொன்னதைச் செய், வீண் பேச்சு வேண்டாம். உனக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

இங்கே காலை நாலரைக்கு மணி அடிக்கும். மாட்டுத் தொழுவம் இந்த மாதம் என் பொறுப்பு. மாட்டைக் கண்டால் ஓடுவேனே, இப்போது அவை என்னைக் கண்டு ஓடுகின்றன. பகலில் பேசாமல் இருக்கப் பழகிவிட்டேன்.

அடுத்த மே முப்பத்தொன்றில் எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற வாக்குக் கொடுப்போம். ஏழு வயதில் நான் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, "பிழைத்தால் உமக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டாளே, அந்த நேர்ச்சை நிறைவேறப் போகிறது. அம்மாவின் முகம் அன்று எப்படி இருக்கும்! அதை நினைத்துக்கொண்டால் இங்கே எதுவும் கஷ்டமாகத் தெரிவதில்லை.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

கிறிஸ்துவில் உன் அக்கா,
ஜெசிந்தா


கும்மிடிப்பூண்டி,
19 ஆகஸ்ட் 2024

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு வலி பரவாயில்லை. அப்பா இன்னும் ஃபர்னஸ் பக்கம்தான். நீ சுகம் என்று எழுதியதைப் படித்து அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதல் கண்காட்சி தொடங்கிவிட்டது. செய்தவர் பூமிகா என்ற கலைஞர். நம் ஊர் மில்களில் இரும்பை உருக்கும்போது மேலே மிதந்து வரும் கசடு இருக்கிறதே, ஆறினால் கறுப்புக் கல்லாகிவிடும், அதை டிராக்டர் டிராக்டராக வாங்கி ஒரு குகை கட்டியிருக்கிறார். வளைந்த வாசல். உள்ளே நீல வெளிச்சம். மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அது உலையின் வாயாம். சுவரில் இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருக்கிறது. முதல் நாள் எனக்கு அதைப் படிக்கவே தோன்றவில்லை. கோவிலில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லூர்து மாதா கெபி மாதிரியே இருந்தது. மாதா மட்டும் இல்லை. என்னை அறியாமல் முழங்காலை மடக்கிச் சிலுவை போட்டுக்கொண்டேன். செக்யூரிட்டி முனிகிருஷ்ணன் அண்ணன் பார்த்துவிட்டார்.

"இன்னாமா, கும்புட்டுக்கினியா? அப்ப நானும் ஒரு கற்பூரம் கொளுத்திடட்டா?"

குகைக்குள் யார் என்ன பேசினாலும் ஒளித்து வைத்த மைக் அதைப் பிடித்து, மூன்று நிமிடம் கழித்து அடுத்த அறையின் ஸ்பீக்கரில் சொல்லும். பேசுகிறவர் அதற்குள் வெளியே போயிருப்பார். என் இடம் அந்த அடுத்த அறை. கறுப்புச் சட்டையில் சுவர் ஓரமாக நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. யாராவது கேட்டால் விளக்க வேண்டும். யாரும் கேட்பதில்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள். சனி ஞாயிறில் சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் குகைக்குள் "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளில் தண்ணீர் சொட்டுவதுதான் கேட்கும். ஒரு நாள் அண்ணன் குகைக்குள் மெதுவாகத் தும்மினார். அது ஸ்பீக்கரில், பக்கத்தில் நின்று யாரோ தும்மியதுபோல் அவ்வளவு தெளிவாக வந்தது. அன்று முழுக்க நான் கேட்ட ஒரே மனிதக் குரல் அந்தத் தும்மல்தான்.

கோவில் பாட்டுக் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எனக்கு இரண்டாம் குரல் மட்டும்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். முதல் குரல் பாட நீ பக்கத்தில் இல்லாமல் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

அன்புடன்,
ஜெபா


கும்மிடிப்பூண்டி,
14 அக்டோபர் 2024

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் பதில் இன்னும் வரவில்லை. ஜெபத்திலும் வேலையிலும் இருப்பாய் என்று அம்மாவிடம் சொன்னேன். செப்டம்பர் கடிதத்தை அவளே எழுதினாள் அல்லவா, நாலு வரிதான் என்று வருத்தப்படாதே. அந்த நாலு வரிக்கு மூன்று தாள் கிழித்தாள்.

போன வியாழக்கிழமை அம்மா கூடத்துக்கு வந்தாள். கூடவே பழவேற்காட்டு மீன் கொண்டுவரும் பச்சையம்மா அக்காவும், கூடையை வாசலில் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு. இருவரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். வேண்டாம், போட்டுக்கொண்டே வரலாம் என்று சொல்வதற்குள் குகையின் முன்னால் நின்றுவிட்டார்கள்.

"இன்னா மேரி, உள்ள சாமியே காணோம்?"

"கெபி இன்னும் முடியல பச்சையம்மா. மாதா சொரூபம் பின்னாடி வரும்."

"அதுக்குள்ள லைட்டு போட்டு, தண்ணி வுட்டு... கரண்டு பில்லு யாரு கட்றது?"

"அம்மா, இது கெபி இல்லை, உலை" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உலைய பாக்காதவளாடி நானு? உங்கப்பா சட்டைய இருவது வருசமா தொவைக்கிறேன்" என்றாள்.

என்னை அடுத்த அறைக்குப் போகச் சொன்னாள். பச்சையம்மா அக்காவை வெளியே அனுப்பினாள். கொஞ்ச நேரம் தனியாக உள்ளே நின்று ஏதோ ஜெபம் சொன்னாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. போகும்போது முந்தானை ஓரத்தைக் கிழித்து, கல்லுக்கிடையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள். வேண்டுதலுக்குக் கட்டுவார்களே, அப்படி. யாரையும் தொட விடக் கூடாது என்பதுதான் என் வேலை. கதவோரத்திலிருந்து பார்த்த நான் திரும்பி நின்றுகொண்டேன்.

வேறு விசேஷம் இல்லை. மழை தொடங்கிவிட்டது. உனக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஜெபா


திருச்சி,
10 நவம்பர் 2024

அன்புத் தங்கை ஜெபாவுக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. நான் நலம். பதில் எழுதாததற்குக் காரணம் எதுவும் இல்லை. எழுத உட்காருவேன், மணி அடித்துவிடும்.

இந்த முறை உன் கடிதத்தைக் கொடுக்கும்போது மதர் என்னை உட்காரச் சொன்னார். "உன் தங்கை ஆகஸ்டில் என்ன எழுதினாள், ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன். "மெதுவாகத் தும்மினால்கூட அந்த அறையில் தெளிவாகக் கேட்கும் என்று எழுதினாள். அம்மா சொன்னது மட்டும் கேட்கவில்லையாம். பிள்ளை எதையோ விழுங்குகிறாள். நான் படிப்பேன் என்று பயப்படுகிறாள்போல. கேட்டு எழுது. அந்தப் பதிலை நான் பிரிக்க மாட்டேன்" என்றார். இந்த மாதம் இரண்டாவது கடிதத்துக்கு அனுமதியும் கொடுத்திருக்கிறார்.

அம்மா என்ன சொன்னாள்?

ஜெசிந்தா


கும்மிடிப்பூண்டி,
25 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மதருக்கு என் நன்றியைச் சொல். நலம் விசாரித்து எழுத இன்று கை வரவில்லை.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

"மாதாவே, ஊட்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அன்னிக்கி பயத்துல இன்னா பேசறேன்னு தெரியாம நேந்துகினேன். குடுத்துட்டேன். இல்லேன்னு சொல்லல. ஆனா குடுத்த நாள்லேர்ந்து சோறு எறங்கல தாயே. கோயில்ல எல்லாரும் குடுத்து வச்சவன்றாங்க. சிரிச்சிக்கினு நிக்கிறேன். நீயும் புள்ள பெத்தவதான. அவளுக்கு அங்க புடிச்சிருந்தா வச்சிக்கோ. என் வார்த்தைக்கோசரம் இருக்கறான்னா அனுப்பிச்சுடு. நான் வேற எதுனா தரேன். சின்னவள மட்டும் கேக்காத. அது வாயில்லாத பொண்ணு, அங்க வந்து இன்னா பண்ணும்."

ஸ்பீக்கரில் அது வரும்போது அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பச்சையம்மா அக்காவோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு போனாள். அறையில் நான் மட்டும் இருந்தேன்.

அந்தத் துணியைப் போன வாரம் எடுக்க வேண்டியதாயிற்று. பூமிகா மேடம் வந்திருந்தார். யார் கட்டியது என்று அஸ்வினி மேடம் கேட்டார். எங்க அம்மா என்றேன். இருவரும் கோபப்படவில்லை. பூமிகா மேடம் துணியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும்னு சொல்லத்தான் ஆசை ஜெபா. ஆனா மில்லுல வேலை செய்யறவங்க வந்து இதுக்குள்ள கத்தணும், திட்டணும்னு கட்டினேன். ஒருத்தங்க வேண்டுதல் கட்டிட்டா அடுத்தவங்க செருப்பக் கழட்டிட்டு வருவாங்க. அப்புறம் யாரு திட்டுவாங்க?" அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அதனால் நானே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"ஐயோ, அவுக்காதமா, வேண்டுதல அவுத்தா ஆவாது" என்று முனிகிருஷ்ணன் அண்ணன் கூடவே வந்தார். அவிழ்க்கவும் முடியவில்லை. நகம் உடைந்தது. கடைசியில் அண்ணனே கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்டிவிட்டேன். அதைக் குப்பையில் போடவும் முடியவில்லை, வீட்டுக்குக் கொண்டு போகவும் முடியவில்லை. உனக்காகக் கட்டியது என்பதால் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று அக்டோபரிலிருந்து தவித்தேன். நீ அம்மாவின் சந்தோஷத்துக்காக அங்கே இருக்கிறாய். அம்மா உன் சந்தோஷத்துக்காக இங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நடுவில் எனக்கு மட்டும் இரண்டும் தெரியும். ஆனால் இதைச் சொல்வது உனக்காகவா, நீ இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை என்பதற்காகவா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் கேட்கவில்லை என்று எழுதினேன்.

ஜெபா


கும்மிடிப்பூண்டி,
13 ஜனவரி 2025

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். கிறிஸ்துமஸுக்கு உன் கடிதம் வரும் என்று அம்மா தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் எதையாவது கழுவிக்கொண்டிருந்தாள். உனக்கு எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. இன்று போகி. தெருவெல்லாம் டயர் புகை. அப்பா இருமிக்கொண்டே திட்டுகிறார்.

பூமிகா மேடத்தின் கண்காட்சி முடிந்துவிட்டது. கடைசி ஞாயிறு அப்பா தன்னோடு வேலை செய்யும் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்ததால் பூட்ஸும் தூசியுமாக வந்தார்கள். "தானியேலண்ணே, நம்ம குப்பைய டிக்கெட்டு போட்டு காட்றாங்களா?" என்று ஒருவர் அப்பாவிடம் கேட்டார். டிக்கெட் இல்லை என்று நான் சொன்னேன். இந்த ஏழு மாதத்தில் வெளியாள் ஒருவரிடம், கேட்காமலே நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு உள்ளே போய் என்ன பேசினாலும் அடுத்த அறையில் கேட்கும் என்றும் விளக்கினேன். அப்பா முதலில் போனார். மூன்று நிமிடம் கழித்து ஸ்பீக்கரில் அவருடைய குரல்: "யோவ் சூப்பர்வைசரு, லீவு கேட்டா இன்னாத்துக்குய்யா மூஞ்சிய அப்படி வச்சிக்கினு பாக்குற!" எல்லோரும் வரிசையில் நின்று திட்டினார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தில் திரும்பி யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் டிராக்டர் வந்து கல்லையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று.

நான் எழுதியது உன்னைக் காயப்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு. பதில் வேண்டாம். சுகமாக இருக்கிறாய் என்று மட்டும் யாராவது எழுதினால் போதும்.

ஜெபா


திருச்சி,
16 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஜெபாவுக்கு,

உனக்கு என் முத்தங்கள். சுகமாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன, துணியும் கிடைத்தது. ஊதா நிறத்தில் சின்னப் பூப் போட்ட புடவை. என்னை இங்கே கொண்டுவந்து விட்ட அன்று அம்மா அதைத்தான் கட்டியிருந்தாள்.

கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இவ்வளவு நாள் எதைச் செய்தாலும் 'அம்மாவுக்காக' என்று சொல்லிக்கொண்டு செய்தேன். நாலரை மணி, தொழுவம், பேசாமல் இருப்பது எல்லாமே. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சில காலைகளில் ஏதோ இருக்கிறது ஜெபா. பொய் சொல்லவில்லை. சில காலைகளில் ஒன்றுமே இல்லை.

வார்த்தைப்பாட்டுக்கு நாங்கள் ஒவ்வொருவரும் கைப்பட விண்ணப்பம் எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை என்று மதரிடம் சொன்னேன். பயந்துகொண்டுதான் சொன்னேன். "முடியாதபோது எழுதிவிட்டு வந்தவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்" என்றார். எனக்கு ஆறு மாதம் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். மே மாதம் என் கூட இருப்பவர்கள் வாக்குக் கொடுப்பார்கள், நான் பாட்டுக் குழுவில் நிற்பேன். இருப்பதோ வருவதோ, இனி நானே தீர்மானிக்க வேண்டியது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து என்னைப் பார்க்கலாம். அம்மாவும் அப்பாவும் வரட்டும். அம்மாவிடம் நேரில் நானே பேசுகிறேன். அதுவரை நீ எதுவும் சொல்ல வேண்டாம். இவ்வளவு நாள் தனியாகச் சுமந்தாய்.

அக்கா


கும்மிடிப்பூண்டி,
10 மார்ச் 2025

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீ அழைத்திருப்பதை அம்மாவிடம் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, இப்போதே புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். மடத்துக்குக் கருவாடு எடுத்துப் போகலாமா, வாசனை வருமே என்று பச்சையம்மா அக்காவோடு பெரிய ஆலோசனை. "கன்னியாஸ்திரீங்களுக்கு மட்டும் மூக்கு வேற மாதிரி கீதா? குடுத்துப் பாரேன், மறுக்கா கேப்பாங்க" என்கிறாள் அவள். அப்பா லீவு கேட்டுவிட்டார். கிடைத்துவிட்டது. நேற்று ராத்திரி அம்மா இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள்.

கூடத்தில் புதிய கண்காட்சி வந்திருக்கிறது. அஸ்வினி மேடம் என்னை ஜூன் வரை இருக்கச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போது விளக்கிச் சொல்லவும் என்னைத்தான் விடுகிறார். முதல் இரண்டு வாக்கியத்துக்குக் குரல் நடுங்குகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. மற்ற நேரமெல்லாம் பழையபடி சுவர் ஓரம்தான்.

நீ வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அதை உன்னிடம் கேட்க மாட்டேன் அக்கா. அம்மா கேட்டு நீ போனாய், நான் கேட்டு நீ வந்தாய் என்று ஆகிவிடக் கூடாது. சில காலைகளில் ஏதோ இருக்கிறது என்று எழுதினாயே, அது வளர்ந்தால் வளரட்டும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நான்கு நாளாக இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இரண்டு பேர் என்று மடத்தில் கணக்கு வைத்திருப்பதற்கு ஏதாவது காரணம் இருக்கும். அம்மாவும் அப்பாவும்தான் வர வேண்டும், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் உன்னைப் பார்த்துப் பத்து மாதம் ஆகிறது. மூன்றாவதாக இன்னொருத்தி வரலாமா என்று மதரிடம் கேட்பாயா? நாற்காலி வேண்டாம். நீங்கள் பேசும்போது நடுவில் பேச மாட்டேன். ஒரு சுவர் ஓரமாக நின்றுகொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க அப்படி நிற்க எனக்கு இப்போது தெரியும்.

அன்புடன்,
ஜெபா